சுவரில் ஓர் அப்பா, வாசலில் ஓர் அப்பா

“அப்பா அங்க இருக்காவ” என்று என் மகள் ரோசி சுவரைக் காட்டினாள்.

தலையில் சுமந்துவந்த தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ரயில் கரி அப்பிய முகத்தோடு வாசலில் நின்ற அவளுடைய நிஜ அப்பா, அவள் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அவரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவிய அப்பான்னா, அப்ப நான் யாரு?” என்று கேட்டார்.

ரோசி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எங்கள் தெருவுக்குப் பெட்டியோடு வருகிற ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான்.

“வளையல் கொண்டாந்திருக்கீகளா மாமா?” என்றாள்.

கடல் தாண்டி, படகும் ரயிலும் மாறி மாறி வந்த மனிதர் தேயிலை கொண்டுவந்திருந்தார். மிட்டாய் டப்பா கொண்டுவந்திருந்தார். கம்பளிச் சட்டைகூடக் கொண்டுவந்திருந்தார், ராஜபாளையத்து வெயிலுக்கு. வளையல் மட்டும் கொண்டுவரவில்லை. “இல்லையே பாப்பா” என்றார். “அப்பப் போயிட்டுப் பொறவு வாங்க” என்று சொல்லிவிட்டு ரோசி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. பல நாள் கழித்துக் கணவன் வீடு திரும்பும்போது ஒரு நல்ல மனைவிக்கு எது முதலில் வரவேண்டும் என்பதை ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சென்ற வாரம் இதே பத்திரிகையில் நான் எழுதிய, மீன்குழம்பு கற்ற கதையைப் படித்துவிட்டு மதினி என்னிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வாரமும் அவர்கள் வருகிறார்கள். வராமல் எங்கள் வீட்டில் ஒரு கதையையும் எழுத முடியாது. என் கணவருடைய அக்கா அவர்கள். மாமனார் மாமியார் இல்லாத வீட்டுக்கு அவர்கள்தான் தலை. சபையில் பைபிள் ஸ்திரீ வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லி, நாள் பார்ப்பது, சகுனம் பார்ப்பது, பல்லி சொல்வதைக் கேட்பது எல்லாம் அறியாமை என்று எடுத்துரைப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஆணி அடித்தவள் நான்

என் கணவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க். ரோசி என் வயிற்றில் இருக்கும்போது போனவர். அவள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, எல்லாரையும் அதிகாரம் செய்யத் தொடங்கிய பிறகுதான் முதல் லீவு கிடைத்தது. அதுவும் ஒரு மாசம்கூட இல்லை. அதற்கடுத்த லீவு எப்போது என்று அங்கே இருக்கிற வெள்ளைக்காரத் துரைக்கே தெரியாது.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் எஸ்தர். போறதுக்குள்ள ஒரு தடவை எம் பிள்ளை என்கிட்ட அப்பான்னு வரணும். அம்புட்டுத்தான்” என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

அம்புட்டுத்தான். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது!

குழந்தைக்குத் தகப்பன் முகம் மறந்துவிடக்கூடாது என்று (பார்த்ததே இல்லாத முகம் எப்படி மறக்கும் என்று இப்போது தோன்றுகிறது) அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியவள் நான்தான். முதலில் குழந்தைகளை ஆசீர்வதிக்கும் இயேசு. பக்கத்தில் ஒரு காலண்டரிலிருந்து வெட்டிய ராஜாவும் ராணியும். அதற்கடுத்து, காலமான மாமனார். அதற்கடுத்து என் கணவர். இந்த வரிசையைப் பார்க்கிற புது ஆள் யாரானாலும் என்னை விதவை என்றோ, என் கணவரை ஒரு கவர்னர் என்றோதான் நினைப்பார்கள்.

தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் ரோசியைத் தூக்கி, “அப்பாவுக்கு முத்தம் குடு” என்பேன். அவள் கண்ணாடியில் முத்தம் கொடுப்பாள். சில நாள் சோற்றுப் பருக்கையோடு கொடுப்பாள். தூக்கம் வந்தால் ராஜாவுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: சுவரில் இருந்த அப்பாவுக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் குறட்டை விடமாட்டார். உப்புக் கூடிவிட்டது என்று சொல்லமாட்டார். இருமமாட்டார். எப்போது பார்த்தாலும் குளித்து, தலைவாரி, தயாராக இருப்பார். வாசலில் வந்து நின்றவருக்கு இந்தத் தகுதிகளில் ஒன்றும் இல்லை.

கோட்டுக்குள் இருந்தவர்

அந்தப் படம் எடுத்தது என் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். கல்யாணமான புதிது, இலங்கை வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. “போறதுக்கு முந்தி ஒரு படம் எடுத்து வச்சிருவோம்” என்று என் அப்பா கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போய் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன்.

கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம். ஒரு பெரிய தொந்திக்காகத் தைத்தது. என் கணவர் அதற்குள் நுழைந்ததும் காணாமல் போனார். போட்டோக்காரர் அசரவில்லை. கோட்டின் முதுகுப் பக்கத்தை இழுத்துப் பிடித்து வரிசையாகக் குண்டூசி குத்தினார். முன்னால் பார்த்தால் மாஜிஸ்டிரேட். பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி. இடுப்புக்குக் கீழே வேட்டி என்பதால் இடுப்போடு படத்தை நிறுத்திக்கொண்டார்.

தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டையை வைத்து இறுக்கினார். “மூச்சு விடாதீங்க, சிரிக்காதீங்க, சாய்ஞ்சிராதீங்க, குண்டூசி ஏறிரும்” என்றார். அந்த நேரத்தில் என் கணவர் முகத்தில் வந்ததைத்தான் சொந்தக்காரர்கள் எல்லாம் இன்றுவரை ‘என்ன ஒரு கம்பீரம்!’ என்கிறார்கள்.

பின்னால் தொங்கிய திரையில் புகை கக்குகிற ஒரு கப்பல் வரைந்திருந்தது. ஆக, கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர் கப்பல் ஏறிவிட்டார். உண்மையில் போனபோது தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே போனதாகக் கடிதம் வந்தது. அதற்குப் படம் இல்லை.

அங்கிருந்தும் ஒரு படம் வந்தது. தோட்டத்து ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் மலைச்சரிவில் நின்று எடுத்தது. எடுத்தவர் மலைமேல் மிகுந்த பிரியம் உள்ளவர் போலிருக்கிறது. மலை முழுதாக விழுந்திருந்தது. ஆட்கள் மிளகைச் சிந்தினாற்போல இருந்தார்கள். “இடப்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் தள்ளி நான்” என்று பின்னால் எழுதியிருந்தார். நான் ரோசியிடம் ஒரு புள்ளியைக் காட்டி “இந்தா அப்பா” என்றேன். பல மாதம் அந்தப் புள்ளியை நினைத்து உருகியும் இருக்கிறேன். லீவில் வந்தபோது அவரிடம் காட்டினேன். “இது தோட்டக்கார முனியாண்டில்ல?” என்றார்.

மிட்டாய்

வந்த மறுநாள் முதல் அவர் முயற்சியைத் தொடங்கினார். முகச்சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மிட்டாய் டப்பாவைத் திறந்து நீட்டினார். ரோசி மிட்டாயை எடுத்தாள். நன்றியுள்ள குழந்தை. நேராகச் சுவரடிக்குப் போய் “அப்பா, இந்தாங்க” என்று படத்துக்கு நீட்டினாள்.

அடுத்து, தானே படத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டு, அதேபோல நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கிக் காட்டினார். ரோசி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள்.

“முடி இல்ல” என்றாள்.

அது உண்மை. சுவரில் இருந்தவருக்கு நெற்றியில் வந்து விழுகிற சுருட்டை முடி. கீழே நின்றவருக்கு மலைக்காய்ச்சலும் அதற்குத் தின்ற கொய்னா மாத்திரையும் சேர்ந்து முன்பக்கத்தைத் துடைத்துவிட்டிருந்தன. கன்னமும் உள்ளே போய்விட்டது.

“ஏலே தம்பி, தொப்பி ஒண்ணு வாங்கிக் கொண்டாந்திருக்கலாம்ல?” என்றார்கள் மதினி.

“படத்தை இறக்கி வச்சுட்டா என்ன மதினி?” என்று நான் கேட்டேன்.

“உசுரோட இருக்கிறவன் படத்தை இறக்கக்கூடாதுட்டி.”

“ஏன்?”

“கூடாதுன்னா கூடாது.”

நான் கேட்காமல் இறக்கினேன். வெறும் ஆணியைப் பார்த்து ரோசி பொழுது சாய்கிறவரைக்கும் அழுதாள். உடம்பு சுட ஆரம்பித்தது. காய்ச்சலா, அழுத சூடா என்று தெரியாமல் நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். படம் மறுபடி ஏறியது. சூடு இறங்கியது. மதினி வந்து ஆணி ஆடுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாட்கள் ஓடின. அவர் தின்னும் தட்டுக்கு எதிரே ரோசி உட்காருவாள், பேசமாட்டாள். அவர் பக்கத்தில் வந்தால் எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கேதான் அவளுடைய உயிர்த் தோழன் இருந்தான்.

துரை

பக்கத்து வீடு, தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் வீடு. அந்த வீட்டு அம்மாள் எங்களுக்கு வீட்டுக்காரியும்கூட. அவர்கள் நாய்க்குத் துரை என்று பெயர். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, யாரையும் சட்டை பண்ணாத நடை. வேறு என்ன பெயர் வைக்க முடியும்? தினமும் ஒரு துரைக்குச் சலாம் போட்டுவிட்டு லீவில் வந்த என் கணவர், சந்தில் இன்னொரு துரை வந்தால் தானாகவே ஒதுங்கி வழிவிட்டார். பழக்கம்.

அந்த நாய்க்குத் தெலுங்குதான் புரியும். ராஜு அம்மாள் “ரா” என்றால் வரும். “கூர்ச்சோ” என்றால் உட்காரும். நான் தமிழில் ‘உட்கார்’ என்று பணிவாகச் சொன்னாலும் கண்டிப்பாகச் சொன்னாலும் தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ரோசி மட்டும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பாள்.

லீவு பாதிக்கு மேல் கரைந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. இவள் கண்ணாடிக்குள் இருப்பதைத்தானே நம்புகிறாள்? இவரையும் கண்ணாடிக்குள் போட்டுவிட்டால்? அதே ஸ்டூடியோ, அதே கோட்டு, அதே கப்பல். நான், ரோசி, அவர். பழைய படத்துக்குப் பக்கத்தில் புதுப் படம். பார்த்தால் அவளுக்கே புரிந்துவிடும்.

எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியும்போதெல்லாம் நான் கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும்.

“மூணு பேரா நின்னு படம் எடுக்கக்கூடாது” என்றார்கள் மதினி.

“மதினி, நீங்கதான வீடு வீடாப் போய் இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு…”

“இது மூடநம்பிக்கை இல்லட்டி. இது அனுபவம். சோழபுரத்துல எங்க சின்னம்மா மக்க மூணு பேரு சேர்ந்து படம் எடுத்தாளுக. நடுவுல நின்னவ செத்துப்போனா.”

“ஐயோ! எப்ப?”

“போன வருசம்.”

“படம் எடுத்தது எப்ப?”

மதினி கொஞ்சம் யோசித்தார்கள். “அது இருக்கும், இருபது இருபத்தஞ்சு வருசம். ஆனா செத்தாளா இல்லையா?”

என் கணவர் உள்ளே புகுந்தார். “ஏக்கா, பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணு பேருதானக்கா?”

“அவிய யாரும் படத்துக்கு நிக்கலலே” என்றார்கள் மதினி.

நாலாவது ஆளாக அவர்களே வரலாம் என்றால், “என் மூஞ்சி கர்த்தருக்குத் தெரியும். அது போதும். வயசான காலத்துல படம் எடுத்தா அது மாலை போடத்தான்” என்றுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. தங்கையின் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டை போயிருந்தார்கள்.

பிரச்சினையைத் தீர்த்தது ரோசிதான். “படம் எடுக்கப் போவோமா?” என்று கேட்டதற்கு, “துரை வந்தாத்தான் நானும் வாரேன்” என்றாள்.

என் கணவர் அக்காவைப் பார்த்தார். “நாலாச்சுல்ல?”

“நாயைப் போயி…”

“நோவா பேழையில நாயை ஏத்தினாரா இல்லையாக்கா?”

“சரி. உசுரு நாலு. அம்புட்டுத்தான் கணக்கு” என்று பைபிள் ஸ்திரீ தீர்ப்புச் சொன்னார்கள்.

ராஜு அம்மாளிடம் கேட்கப் போனபோது நான் முதலில் வெயிலைப் பற்றிப் பேசினேன். நாயை இரவல் கேட்பது எப்படி என்று எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? அந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். “ஏமம்மா, துரைக்குப் படமா?” என்று முகம் மலர்ந்தது. குடும்பத்தோடு என்பது அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. “வெயில்ல நடக்க வைக்காதே டீச்சரம்மா. வில்வண்டி கட்டச் சொல்லுதேன்” என்றார்கள்.

ஆக, நாய் போவதற்கு வண்டி வந்தது. நாங்கள் கூடப் போனோம்.

அப்பா சட்டை

வண்டிக்குள் மெத்தையில் துரை. அதை அணைத்துக்கொண்டு ரோசி. அவளைப் பிடித்துக்கொண்டு நான். வண்டியின் பின்புறத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடும்பத் தலைவர். மாந்தோப்புகள் தாண்டி, கண்மாய்க் கரையேறி, தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் நான் வழக்கம்போல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேதக்காரப் பெண்ணுக்குக் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஏன் அழுகை வருகிறது என்று மதினி ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். பிறந்த வீட்டு ஜன்னலில் தினமும் தெரிந்ததைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

போட்டோக்காரர் அதே ஆள்தான். “நாயை எல்லாம் எடுக்கிறதில்ல” என்று முகத்தைச் சுளித்தார். ராஜு வீட்டு நாய் என்றதும், “உள்ள வாங்க வாங்க” என்றார். அது எங்களுக்கல்ல, எங்களைத் தாண்டிச் சொன்னார்.

கப்பல் திரை கிழிந்து போய்விட்டதாம். இப்போது மோட்டார் காரும் மாடிப்படியும் வரைந்த புதுத் திரை. மனசு சோர்ந்தது. கோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கொஞ்சம் பூச்சி அரித்திருந்தது, அவ்வளவுதான். இந்தத் தடவை முன்னைவிட அதிகம் குண்டூசி தேவைப்பட்டது.

கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பினார். ரோசியின் கண் விரிந்தது. தெரிந்துவிட்டது! கண்டுபிடித்துவிட்டாள்!

“அப்பா சட்டை!” என்று அலறினாள் ரோசி. “அது எங்க அப்பா சட்டை! கழட்டு! கழட்டு!”

அவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கோட்டைக் கழற்றினார். ஒரு குண்டூசி கையில் ஏறியது. அதைப் பிடுங்கிவிட்டு, கோட்டை மடித்து நாற்காலி மேல் வைத்தார். முகத்தைத் துடைப்பதுபோல் துண்டை எடுத்து வெகுநேரம் துடைத்தார். “பரவால்ல எஸ்தர்” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

என் யோசனைக்கு இதுதான் பலன். வளையல்காரராக வந்தவரைக் கோட்டுத் திருடனாக ஆக்கிவிட்டேன்.

“எடுப்பமா வேண்டாமா? வெளிச்சம் போகுது” என்றார் போட்டோக்காரர். எடுத்தே ஆகவேண்டும் என்று நான் ரோசியை நாற்காலியில் உட்காரவைத்தேன். பக்கத்தில் துரை நிற்கவேண்டும், மறுபக்கம் அவர், நாற்காலிக்குப் பின்னால் நான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஒரு மனிதனுடைய தலை கண்ணெதிரே மறைந்ததைத் துரை ஏற்றுக்கொள்ளவில்லை. உறுமியது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தது.

“உக்காரு” என்றார் என் கணவர். “இரு, இருப்பா” என்றார் போட்டோக்காரர், துணிக்குள்ளிருந்து. “சிட்” என்று இங்கிலீஷிலும் சொல்லிப்பார்த்தோம்.

ரோசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள்.

“துரை! கூர்ச்சோ!”

துரை உட்கார்ந்தது.

அவள் விரல் அப்படியே நகர்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த அவர் பக்கம் திரும்பியது.

“மாமா! கூர்ச்சோ!”

அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரோசி சிரித்தாள். அவரைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையைத் துரையின் தலையில் வைத்தாள். மறுகையை, முடி இல்லாத இந்தத் தலையில் வைத்தாள். “அசையாதீங்க!” என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரும் அசையவில்லை. அவர் மூச்சுக்கூட விடவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் இடம் மாறியிருந்தது. அவர் மடியில் ரோசி தூங்கினாள். பின்புறத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவள் நான்.

அறிமுகம்

அவர் புறப்படுவதற்கு முந்திய நாள் படம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். துரை ஜமீன்தார் மாதிரி விழுந்திருந்தது. ரோசியின் ஒரு கால் புகைபோலக் கலைந்திருந்தது. எனக்கு வாய் பாதி திறந்திருந்தது. ஏதோ எச்சரிக்கை சொல்ல வந்திருப்பேன். அவர் தரையில் சப்பணம் போட்டு, கேமராவைப் பார்க்காமல், தலையைத் தூக்கி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை, முடி இல்லை, கம்பீரம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்த படங்களில் அவரைப் போலவே இருந்தது அது ஒன்றுதான்.

“நாய்க்குச் சரியாத் தரையில உக்காந்திருக்கான் பாரு” என்றார்கள் மதினி. பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, நாலு இருந்ததும் திருப்தியானார்கள்.

நான் ரோசியைத் தூக்கிக் காட்டினேன். “இது யாரு?”

“துரை.”

“இது?”

“அம்மா. இது நானு.”

“இது?”

அவர் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“கூர்ச்சோ மாமா” என்றாள் ரோசி.

“இல்லடி செல்லம், நல்லாப் பாரு, அது அப்…” என்று நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அதற்குள் ரோசி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய படத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

“அப்பா, இவியதான் கூர்ச்சோ மாமா. நல்ல மாமா” என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

அவர் தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கையைக் கூப்பினார்.

“வணக்கம்யா. நல்லாருக்கீகளா? இம்புட்டு நாளும் பிள்ளையை நல்லாப் பாத்துக்கிட்டீக. ரொம்ப உபகாரம்” என்றார்.

மதினி மூக்கைச் சிந்தினார்கள். நான் அடுப்பில் இல்லாத பாலைப் பார்க்க உள்ளே போனேன்.

விருதுநகர் வண்டி

மறுநாள் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவர்தான். என்னிடம் வரமாட்டேன் என்றுவிட்டாள். காலையிலிருந்து அவர் சட்டையின் ஒரு பொத்தானைப் பிடித்தபடியே இருந்தாள். ‘இன்றைக்காவது உண்மையைச் சொல்லி அனுப்பவேண்டாமா, பெரியவளானதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்?’ என்று நான் வழியெல்லாம் எனக்குள் வாதாடிக்கொண்டு போனேன். வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

வண்டி வந்தது. பெட்டி ஏறியது. அவர் ஏறவேண்டும். பிள்ளையை என் கையில் கொடுக்கப் பார்த்தார். பொத்தானை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தோம். பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதன்பிறகு அவள் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

“மாமா! போகாத! மாமா! கூர்ச்சோ! மாமா, கூர்ச்சோ!”

அவர் ஏறி ஜன்னல் அருகே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து என்ன? வண்டியல்லவா போகப்போகிறது.

அவருக்கு எதிர் இருக்கையில், மடியில் கத்தரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும், கத்திக் களைத்து விம்மிக்கொண்டிருந்த பிள்ளையையும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

“நீங்க தாய்மாமனாக்கும்?”

எனக்கு மறுக்க வேண்டும்போல இருந்தது.

“ஆமாங்க, மாமாதான்” என்றார் அவர்.

“அதான! என்ன அழுகை அழுதுங்கேன்! பெத்த அப்பன் போனாக்கூட எந்தப் பிள்ளையும் இந்த அழுகை அழுவாதுய்யா.”

அவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அந்த அம்மாளை நோக்கி முன்னால் சாய்ந்தார்.

“நெசமாவா சொல்லுதீக? அப்பனுக்குக்கூட அழாதா?”

“அட, எம் பிள்ளைக அவிய அப்பன் எப்படா வெளியூர் போவான்னு காத்துக்கிட்டுக் கெடக்கும்.”

“அப்ப இது ரொம்பங்கீக?”

“ரொம்பங்கேன்! நான் எங்கயும் பாத்ததில்ல.”

வண்டி நகர்ந்தது. ஜன்னல் எங்களைக் கடந்து போகும்போது அவர் எங்களுக்குக் கையாட்டக்கூட மறந்துவிட்டு, முகமெல்லாம் ஈரமும் சிரிப்புமாக, அந்த அம்மாளிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.